போனது புதுச்சேலை, வந்தது பழசு

சூரத்துல கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ரிங் ரோடு ஜவுளி மார்க்கெட்டுல சேலை வாங்கி ஆன்லைன்ல விக்கிற சின்ன வியாபாரிங்க சில பேருக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். மாசாமாசம் அவங்க கொண்டு வர்ற ரிட்டர்ன் லிஸ்ட்டைப் பார்த்தா நமக்கே வயிறு எரியும். கல்யாணத்துக்கு ஒரு தடவை கட்டிட்டு மஞ்சள் கறையோட திருப்பி அனுப்புறாங்க. சில பார்சல்ல புதுசுக்குப் பதிலா வீட்டுல கிடந்த பழைய சேலை. சிலதுல வெறும் பிளவுஸ் பிட். காரணம் மட்டும் எல்லாத்துலயும் ஒண்ணுதான்: "பொருள் சரியில்லை".

'பெரிய வியாபாரத்துல இதெல்லாம் சகஜம்ப்பா'ன்னு சொல்றவங்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 600 ரூபாய்க்கு விக்கிற சேலையோட அடக்கம் 400. கமிஷன், கூரியர், விளம்பரம், பேக்கிங் எல்லாம் போக 50 ரூபாய் நின்னா பெரிய விஷயம். சேலை மாறி வந்தா அந்த 400 போச்சு. போகவர கூரியர், பேக்கிங்னு இன்னொரு 100. போதாததுக்கு, தொலைஞ்ச சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியையும் ஜிஎஸ்டி சட்டம் 17(5)(h) பிரிவுப்படி திருப்பிக் கட்டணும். 5 சதவீதம்னா 20 ரூபாய். ஆக ஒரு திருட்டு ரிட்டர்னை ஈடுகட்ட பத்து சேலைக்கு மேல ஒழுங்கா வித்தாகணும்!

வாங்குறவங்க எல்லாரும் திருடங்கன்னு நான் சொல்ல வரலை. போட்டோவுல பட்டைக் காட்டிட்டு பாலியஸ்டரை அனுப்புற ஆளுங்களையும் இதே ஊர்ல பார்க்கிறேன். அதனாலதான் 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், பழுதான பொருள், போலி, விளம்பரத்துல சொன்னபடி இல்லாதது, சொன்ன நாள் தாண்டி வந்தது இதையெல்லாம் திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கிறவர் சொல்லக்கூடாதுங்குது. ரொம்ப நியாயம்.

ஆனா 'மனசு மாறினாலும் திருப்பிக்கலாம், கேள்வியே கேக்க மாட்டோம்'னு அந்த விதி எங்கயும் சொல்லலை. அது கூட்டம் சேர்க்க வலைத்தளக் கம்பெனி தானா கொடுக்கிற வாக்குறுதி. தாராளம் அவங்களோடது, பில்லு மட்டும் சேலைக்காரரோடது. என் கோபமெல்லாம் இங்கதான்.

ரிட்டர்ன் எடுக்கப் போற பையனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பார்சலுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குறவன் ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சேலையைப் பிரிச்சுப் பார்ப்பானா? கட்டின கவரை அப்படியே வாங்கிட்டு வர்றான். அது சூரத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள பணம் வாங்கினவர் கைக்குப் போயிருக்கும். அப்புறம் வியாபாரி கிளைம் போட்டா, 'வீடியோ தெளிவா இல்லை'ன்னு ஒரு வரியில கதவைச் சாத்திடுறாங்க.

விலை கூடின மொபைலை டெலிவரி பண்ணும்போது வாசல்லயே பெட்டியைப் பிரிச்சுக் காட்டி ஓடிபி வாங்குறாங்க இல்லையா? அதே வேலையை ரிட்டர்ன் எடுக்கும்போது சேலைக்கும் செய்யட்டும். பிரிச்சு, டேக்கோட ஒரு போட்டோ. அதுக்கு ஆகுற நேரத்துக்கு அந்தப் பையனுக்குக் கூலியும் சேர்த்துக் கொடுக்கட்டும். செலவாகும், முடியாதுங்கிறாங்களா? அப்போ சோதிக்காம எடுத்த ரிட்டர்ன்ல வர்ற நஷ்டம் அவங்க கணக்குல ஏறட்டும். சோதிக்க வேண்டிய இடம் வாங்கினவர் வாசல்தான், சூரத் குடோன் இல்லை.

'போலீஸுக்குப் போக வேண்டியதுதானே'ன்னு கேக்கலாம். சட்டம் இருக்கு. பழைய 420க்குப் பதிலா 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா 318. ஆனா 600 ரூபாய் சேலைக்காக வேற மாநிலத்து ஆள் மேல புகார் கொடுத்துட்டு, கடையைப் பூட்டிட்டு ஸ்டேஷனுக்கு யார் நடப்பா?

அதுவரைக்கும் என்ன பண்றது? நான் எல்லாருக்கும் சொல்றது இதுதான். பேக் பண்ணும்போதும், ரிட்டர்னைப் பிரிக்கும்போதும் லேபிள்ல இருக்கிற நம்பர் தெரியுற மாதிரி வெட்டாத வீடியோ எடுங்க. பார்சல் எடையை ரெண்டு தடவையும் குறிச்சு வைங்க. கழட்டினா திரும்ப மாட்ட முடியாத டேக்கை வெளியில தெரியுற மாதிரி போடுங்க. கிளைம் கெடுவுக்குக் காத்திருக்காம அன்னைக்கே போட்டுடுங்க. வாங்கினவர் பேரை ஊர் முழுக்கப் பரப்புற வேலை மட்டும் வேண்டாம். நியாயம் நம்ம பக்கம் இருந்தாலும் வம்பு நம்ம தலையிலதான் விடியும்.

கட்டிப் பார்த்த சேலையைத் திருப்பி அனுப்புறவங்க ஏதோ பெரிய கம்பெனியை ஏமாத்திட்டதா நினைச்சுக்கிறாங்க. கம்பெனிக்கு ஒரு பைசா போகலைங்க. போறது, பத்து சேலை மடிச்சு 500 ரூபாய் பார்க்கிற ஒரு குடும்பத்தோட காசு. நீங்க என்ன சொல்றீங்க?