பரிணாம 'வளர்ச்சி' என்னும் பிழை

2018 ஜனவரியில் ஒன்றிய அரசின் இணையமைச்சர் ஒருவர், டார்வினின் கோட்பாடு அறிவியல்ரீதியாகத் தவறானது என்றார். குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் எவரும் சொல்லவுமில்லை, எழுதிவைக்கவுமில்லை என்பது அவர் வாதம். இலக்கிய வட்டங்களில் அன்று எழுந்த சிரிப்பில் நாங்களும் கலந்துகொண்டோம். 2023இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூல் பரிணாமம் பற்றிய பகுதி இல்லாமல் வெளிவந்தபோது சிரிப்பு கோபமாயிற்று. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எதைக் காப்பாற்றவேண்டும் என்று கோபப்பட்டோமோ, அதை நாம் புரிந்துவைத்திருக்கிறோமா? நம் சிற்றிதழ்க் கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். நாவலின் 'பரிணாம வளர்ச்சி', கவிஞரின் 'பரிணாம வளர்ச்சி', சமூகத்தின் 'பரிணாம வளர்ச்சி'. பரிணாமம் என்ற சொல்லுக்குப் பின்னால் 'வளர்ச்சி' என்னும் வாலை ஒட்டாமல் நம்மால் எழுத முடிவதில்லை. மீன் தவளையாகி, தவளை பல்லியாகி, பல்லி பாலூட்டியாகி, கடைசியில் மனிதன் வந்து நிற்கும் ஓர் ஏணி நம் மனத்தில் சாய்த்துவைக்கப்பட்டிருக்கிறது. அமைச்சர் மறுத்ததும் நாம் நம்புவதும் அதே ஏணியைத்தான். அவர் அதில் ஏறி வரவில்லை என்றார். நாம் ஏறி வந்து உச்சியில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறோம். டார்வின் சொன்னது இரண்டுமல்ல.

அவர் 1859இல் சொன்னது கிளைபிரிதலைப் பற்றி. அது எப்படி நடக்கிறது என்று அறிய காலாபகஸ் தீவுகளுக்குப் போகவேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போனால் போதும்.

2003இல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி பொசைட்டும் 'நேச்சர்' இதழில் கேரளத்தின் இடுக்கி மலைப்பகுதியிலிருந்து ஒரு தவளையை விவரித்தார்கள். ஊதிய உடல், ஊதா நிறம், பன்றியினுடையதைப் போல நீண்ட மூக்கு. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மண்ணுக்குள்ளேயே கரையானைத் தின்று வாழ்ந்து, பருவமழையை ஒட்டிச் சில நாள் மட்டும் வெளியே வந்து இணைசேர்ந்து மீண்டும் மண்ணுக்குள் போய்விடும் உயிர் அது. அறிவியல் உலகம் வியந்தது. மலைவாழ் மக்களுக்கோ அந்தத் தவளையும், பாறையைக் கவ்விக்கொண்டு வெள்ளத்தில் நிற்கும் அதன் தலைப்பிரட்டையும் முன்பே பழக்கம். அதன் மிக நெருங்கிய உறவினர்கள் இருப்பது இந்தியாவில் அல்ல, கடல் கடந்து சேஷல்ஸ் தீவுகளில். இந்தியாவும் சேஷல்ஸும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் சாட்சி அந்த உறவு.

உடனே பத்திரிகைகள் அதை 'வாழும் புதைபடிவம்' என்றன. ஏணிப் புத்தியின் இன்னொரு முகம் இது: மற்றவை எல்லாம் மேலே ஏறிவிட, இது மட்டும் கீழ்ப்படியில் தூங்கிவிட்டதாம். தவளை தூங்கவில்லை. 2017இல் அதே பேரினத்தில் இரண்டாவது சிற்றினம் விவரிக்கப்பட்டது. அதுவும் மலையின் மறுபுறத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயத்தை ஒட்டிய கிழக்குச் சரிவில். மறைந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் நினைவாக அதற்கு 'நாசிகாபட்ராகஸ் பூபதி' என்று பெயரிட்டார்கள்.

இரண்டையும் பிரிப்பது எது? மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி மண்ணைவிட்டு வெளிவருகிறது. கிழக்குச் சரிவு அப்போது மழைமறைவுப் பகுதி. அங்குள்ள தவளை வடகிழக்குப் பருவமழைக்குத்தான் வெளிவருகிறது. நடுவே நிற்பது ஒரே மலைத்தொடர்தான். ஆனால் ஒன்று காதலித்துப் பாடும்போது மற்றொன்று மண்ணுக்கடியில் கிடக்கிறது. சந்திக்காதவை இணைசேர்வதில்லை, இணைசேராதவற்றின் மரபணுக்கள் கலப்பதில்லை. கலக்காத இரண்டு கூட்டங்களில் தனித்தனியே நிகழும் சிறு மாற்றங்கள், சில தேர்வினாலும் சில வெறும் தற்செயலாலும், சேர்ந்துகொண்டே போகின்றன. உடலமைப்பு வேறாகிறது. ஆணின் குரலும் வேறாகிறது. தவளைகளில் பெண் தன் இனத்து ஆணைக் குரலால் அறிகிறாள் என்பதால், குரல் மாறுவது வேலி எழுவதற்கு ஒப்பு. இதில் எது 'வளர்ந்தது'? கிழக்குத் தவளை மேற்குத் தவளையைவிட உயர்ந்ததா? கேள்வியே அபத்தம்.

மேற்குத்தொடர் மலையின் புதர்த்தவளைகள் இதையே இன்னும் விரிவாகச் சொல்கின்றன. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளிருந்து குட்டித் தவளையாகவே வெளிவருகின்றன. ஓடை வேண்டாம், ஈரம் போதும். ஆனால் வறண்ட பள்ளத்தாக்கைக் கடக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் நமக்குப் பேருந்து போகும் வழிகள், அவற்றுக்குக் கடல்கள். 2016இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வு, இக்கணவாய்களும், மலையின் உயர வேறுபாடுகளும், பழங்காலப் பனியுகங்களின் தட்பவெப்ப மாற்றங்களும் சேர்ந்தே இத்தவளைகளைப் பல கிளைகளாகப் பிரித்தன என்று காட்டியது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே நிலப்பாலம் மீண்டும் மீண்டும் தோன்றியபோதும் இரு பக்கத்து உயிரினங்களில் பல கலந்துவிடவில்லை என்று 2004இலேயே 'சயன்ஸ்' இதழ் ஆய்வு ஒன்று நிறுவியிருந்தது.

'இதெல்லாம் ஊகம், யார் கண்ணால் பார்த்தார்கள்?' என்று அமைச்சர் வழியில் கேட்பவர்களுக்கு ஒரு பல்லியைக் காட்டலாம். 1971இல் அட்ரியாட்டிக் கடலின் ஒரு சிறு தீவிலிருந்து ஐந்து ஜோடிப் பல்லிகளை ஆய்வாளர்கள் பக்கத்துத் தீவான போட் மர்ச்சாருவில் விட்டார்கள். 36 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவற்றின் சந்ததி பெரும்பாலும் இலைதழை தின்றது, தலை பெருத்திருந்தது, செரிமானத்தைத் தாமதப்படுத்தும் தடுப்பிதழ்கள் குடலில் தோன்றியிருந்தன. இது இன்னும் புதிய சிற்றினம் அன்று; அப்படி நாங்கள் சொல்லவுமில்லை. ஆனால் ஒரு மனித ஆயுளின் பாதியில் இவ்வளவு என்றால், பல லட்சம் ஆண்டுகளில் எவ்வளவு என்று கணக்கிட அமைச்சர் பதவி தேவையில்லை.

இன்னொரு தரப்பும் உண்டு. 'ஆண்டுதோறும் புதிய தவளை என்கிறார்கள். பெயர் வாங்கும் ஆசையில் ஒன்றை ஒன்பதாக்குகிறார்கள்' என்று அறிவார்ந்த புன்னகையோடு சொல்பவர்கள். வகைப்பாட்டியலில் மிகையும் பிழையும் உண்டுதான். ஆனால் உடலமைப்பு, குரல், மரபணு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் பிரியும்போது அதை ஆசை என்று ஒதுக்க முடியாது. 2014இல் 14 நடனத் தவளைகளும், 2017இல் கட்டைவிரல் நகத்தில் உட்காரும் குள்ளர்கள் உட்பட ஏழு இரவுத் தவளைகளும் விவரிக்கப்பட்டன. அவை நமக்குத்தான் புதியவை, மலைக்குப் பழையவை. நாம் தாமதமாக வந்தோம், அவ்வளவே.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று கேட்கலாம். ஏணியை நம்புகிறவனுக்குக் கீழ்ப்படிகள் செலவழிக்கத்தக்கவை. ஒரு சரிவில் அணையோ சாலையோ வந்தால், 'தவளைதானே, அடுத்த மலையில் இருக்கும். இங்கே வெட்டும் மரத்துக்கு ஈடாக வேறெங்காவது நட்டுவிடலாம்' என்று அவன் சொல்வான். கிளையைப் புரிந்துகொண்டவனால் அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த மலையில் இருப்பது வேறு தவளை. இந்தச் சரிவின் மழையும் மண்ணும் பல லட்சம் ஆண்டுகள் சேர்ந்து செய்தது இந்தச் சரிவில் மட்டுமே இருக்கிறது. அதற்கு மறுபதிப்பு கிடையாது. மறுபதிப்பு இல்லாத நூலின் கடைசிப் பிரதியைக் கரையானுக்குக் கொடுக்க இலக்கிய வாசகர்களாகிய நாம் சம்மதிப்போமா?

ஆகவே பத்தாம் வகுப்பு நூலில் அந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் உயிரியலைத் தொடாத பிள்ளைகளே அதிகம். ஆனால் அதைக் கேட்கும்முன் நம் வீட்டைக் கொஞ்சம் பெருக்குவோம். 'பரிணாமம்' என்று எழுதுவோம், வாலை வெட்டுவோம். தலைப்பிரட்டையே வாலை விட்டுவிட்டுத்தான் கரையேறுகிறது.

'கிணற்றுத் தவளை' என்று இனி யாரையும் ஏசுமுன்னும் ஒருகணம் யோசிப்போம். தன் ஒரு சரிவை, தன் ஒரு மழையை இத்தனை லட்சம் ஆண்டுகளாகத் துல்லியமாக அறிந்து வைத்திருக்கும் உயிரிடம், உலகமெல்லாம் சுற்றியும் சொந்த மலையை அறியாத நாம் அந்த வசையை எந்த முகத்தோடு சொல்வது?