படித்தவர் பேசட்டும்!

தோழர்களே! உத்திரமேரூருக்குச் செல்வோர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரினைக் காணாமல் திரும்புவதில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், ஊர்ச் சபையினர் வகுத்த தேர்தல் விதிகள் அங்கே கல்லிலே வெட்டப்பட்டிருக்கின்றன. முப்பது குடும்புகள், குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம், கணக்குக் காட்டாதவனுக்கும் அவனது சுற்றத்தாருக்கும் இடமில்லை என்ற கண்டிப்பு, இவற்றையெல்லாம் மேடைதோறும் கேட்டிருக்கிறீர்கள். அதிகம் பேசப்படாத விதி ஒன்றும் அங்கே உண்டு. வயது, வரி செலுத்தும் நிலம், சொந்த மனையிலே வீடு ஆகியவை இருந்தால் மட்டும் போதாது. கற்றவனாக இருக்கவேண்டும், கற்றதைப் பிறருக்கு ஓதுவித்தவனாகவும் இருக்கவேண்டும் என்பதே அவ்விதி.

கற்றதைத் தனக்குள் பூட்டிவைத்தவனை அவர்கள் கற்றவன் என்று கணக்கிடவில்லை. நல்ல கருத்துத்தான். ஆனால், யாருடைய கல்வி அது? வேதக் கல்வி! அந்த ஊர் சதுர்வேதிமங்கலம். கழனியை உழுதவனுக்கும், கதிரை அறுத்தவளுக்கும் அந்தக் குடத்திலே ஓலை இல்லை. இதையும் மறைக்காமல் சொல்லுவதே வரலாற்றுக்குச் செய்யும் மரியாதை.

அடைத்திருந்த கதவு பின்னர் திறந்தது. சீர்காழியிலே பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் போன்றோர் பாடுபட்டதன் பயனாக, 1948-ல் சென்னை மாகாணத்திலே பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. இன்று நாம் கட்டும் வீட்டு வரியோடு, ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்திற்கென்று சேர்ந்தே போகிறது. ஊர்ப்புற நூலகத்திலே உள்ள ஒவ்வொரு ஏடும் உழைப்பாளியின் காசிலே வந்த ஏடு!

ஆனால், அந்த ஏட்டை எடுத்தோம், படித்தோம், திருப்பித் தந்தோம், அத்தோடு முடிந்தது என்று இருந்துவிடலாமா? படித்தவர் வாய் திறந்தால் என்ன விளையும் என்பதற்குக் கும்பகோணம் சான்று. 1880-ஆம் ஆண்டு, அங்கே முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையரைச் சந்தித்தார். என்னென்ன நூல் படித்தீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீண்ட பட்டியல் தந்தார். முதலியார் வியக்கவில்லை; பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்றார். வழக்கு விசாரிக்கும் ஒருவர், தமிழே தொழிலாகக் கொண்டவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது! ஐயர் சினந்து எழுந்துவிடவில்லை. அந்தக் கேள்வியை ஏற்றார். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சேறியது. புறநானூறும் சிலம்பும் மணிமேகலையும் அடுத்தடுத்து வந்தன. நூலைப்பற்றி இருவர் மனம்விட்டுப் பேசிய பேச்சிலே முளைத்த பயிர் அது.

மறுத்துப் பேசுவதும் நமக்குப் புதிதன்று. காஞ்சிக் குமரகோட்டத்திலே கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, தொடக்கச் சொல்லின் புணர்ச்சிக்கே இலக்கணம் எங்கே என்று அவையிலே ஒருவர் தடை எழுப்பினாராம். வீரசோழியத்தைக் காட்டிய பிறகே அரங்கேற்றம் தொடர்ந்ததாம். கதையின் தெய்வப் பகுதியை நம்புவோர் நம்பட்டும். தடை சொன்னவனைத் தள்ளாமல், நூலைக் காட்டி விடை சொன்ன அந்த அவை நமக்கு வேண்டும்.

நம்மிடையே நடப்பது என்ன? நம்மவர் எழுதினார் என்றால் அட்டையைப் பார்த்தே பாராட்டு. மாற்றார் எழுதினார் என்றால் பிரிக்காமலே பழிப்பு. கைப்பேசியிலே வந்த நான்கு வரியைக் கண்டு, நானூறு பக்க நூலுக்குத் தீர்ப்பு! இப்படிப் பழகியவர், எதிரி மேடையிலே ஆதாரம் காட்டிக் கேட்கும்போது என்ன விடை சொல்வார்? கொள்கையைக் காக்கக் கைதட்டல் உதவாது. படித்துத் தெளிந்த நெஞ்சம் உதவும்.

ஆகவே, தோழர்களே, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை கிளைக்கூட்டம் முடிந்ததும் ஒரு நாழிகை அமருங்கள். படிப்பகத்திலோ, நூலக வாசகர் வட்டத்திலோ, வேப்பமரத்து நிழலிலோ அமரலாம். படித்த நூல் யாது, அது சொல்வது என்ன, எதை ஏற்கிறேன், எதை மறுக்கிறேன், ஏன் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்லட்டும். தறிக்காரர் பேசட்டும், நாற்று நடும் தங்கை பேசட்டும். எழுத்தறியாத பெரியவருக்கு ஒருவர் படித்துக் காட்டட்டும். கேட்டு அவர் சொல்லும் கருத்தையும் மதித்துக் கேளுங்கள். தலைவர் கருத்து என்னவோ என்று திரும்பிப் பார்க்காதீர்கள்!

குடவோலை விலக்கி வைத்தவருக்கெல்லாம் இன்று வாக்குச்சீட்டு உண்டு. அதை இடும் கை எதை நம்பி இடுகிறது என்பதைப் படிப்பும் பேச்சும்தான் தீர்மானிக்கும். அடுத்த ஞாயிறு வருகிறது. கையிலே ஒரு நூலோடு வாருங்கள்!