கோபுரத்தில் கேட்காத குரல்

விமானம் எந்த உயரத்தில் பறப்பது, எப்போது இறங்குவது என்பதை விமானி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. தரையில் ரேடார் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டாளர் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் விமானம் இறங்கும். காத்திருக்கச் சொன்னால் வட்டமடிக்கும். பல நூறு உயிர்கள் அவருடைய ஒரு வார்த்தையை நம்பியிருக்கின்றன. அதே மனிதர் தன் சம்பளம், ஓய்வூதியம், வேலை நேரம் பற்றிப் பேசினால் மட்டும் அதைக் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இந்தியக் கட்டுப்பாட்டாளர்களின் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு காலத்தில் அவர்கள் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் அரசு ஊழியர்கள். 1986-ல் தேசிய விமான நிலைய ஆணையம் வந்தது. 1995 ஏப்ரல் 1-ல் அது சர்வதேச விமான நிலைய ஆணையத்துடன் இணைக்கப்பட்டு, இந்திய விமான நிலையங்கள் ஆணையம் உருவானது. பெயர்ப்பலகை மாறியதால் வேலையின் சுமை குறையவில்லை. ஆனால் ஆணையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அரசுப் பணியின் நிலையான ஓய்வூதியம் இல்லை. வருங்கால வைப்பு நிதியும் பங்களிப்பு முறை ஓய்வூதியமும்தான்.

சம்பளமும் பொதுத்துறை அதிகாரிகளுக்கான பொது அளவுகோலில் அமைந்தது. அலுவலக நேரத்தில் கோப்பு பார்க்கும் அதே தர அதிகாரிக்கும் இவருக்கும் சம்பள விகிதம் ஒன்றே. வித்தியாசம் படிகளில் மட்டும். இவரோ ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியாக 'ரேட்டிங்' வாங்க வேண்டும். இரவுப் பணி பார்க்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். கண்ணோ காதோ மக்கர் செய்தால் திரையை விட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

இவர்கள் ஒன்றும் பரம ஏழைகள் அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். நாட்டில் பெரும்பாலோர் வாங்குவதைவிட இவர்கள் அதிகம் வாங்குகிறார்கள். ஆகவே எவ்வளவு தருவது என்பதைவிட, அதை யாருடன் பேசி முடிவு செய்வது என்பதே முக்கியமான கேள்வி. ஆணையத்தில் வாக்கெடுப்பின் மூலம் அங்கீகாரம் பெறும் தொழிற்சங்கம் அதிகாரி அல்லாத ஊழியர்களுக்கானது. கட்டுப்பாட்டாளரோ சேரும்போதே இளநிலை அதிகாரி. அவருக்கென்று ஒரு 'கில்டு' இருக்கிறது. அது கடிதம் எழுதலாம், மனு கொடுக்கலாம். நிர்வாகத்தைப் பேச்சுவார்த்தை மேஜைக்கு இழுக்கும் பலம் அதற்கு இல்லை. வேலைநிறுத்தம் என்றால், விமான நிலைய இயக்கத்தை அத்தியாவசியப் பணியாகக் கருதும் 1968-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அரசு ஓர் உத்தரவு போட்டால் போதும், வேலைநிறுத்தம் குற்றமாகிவிடும்.

பேச இடமில்லாத கோபம் எங்கே போய் முடியும் என்பதை அமெரிக்கா 1981-ல் பார்த்தது. அங்கே கட்டுப்பாட்டாளர்களின் சங்கமான 'பேட்கோ', முந்தைய ஆண்டுத் தேர்தலில் ரொனால்டு ரீகனை ஆதரித்திருந்தது. ஆண்டுக்கு 10,000 டாலர் சம்பள உயர்வு, வாரத்துக்கு 32 மணி நேர வேலை, மேம்பட்ட ஓய்வூதியம் கேட்டு ஆகஸ்ட் 3-ல் சுமார் 13,000 பேர் வெளியேறினார்கள். மத்திய அரசு ஊழியர்களின் வேலைநிறுத்தம் அங்கே சட்ட விரோதம். ரீகன் 48 மணி நேரக் கெடு விதித்தார். திரும்பாத 11,345 பேர் வேலையிழந்தார்கள். அக்டோபரில் சங்கம் அங்கீகாரத்தை இழந்தது. மீண்டும் வேலைக்கு மனுப்போட விதித்த தடை 1993-ல் கிளிண்டன் காலத்தில்தான் நீங்கியது.

அரசு வென்றதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அனுபவசாலிகளை ஒரே நாளில் தயாரிக்க முடியாது. காலியான நாற்காலிகளை நிரப்பப் பல ஆண்டுகள் பிடித்தன. பாதிப்பு அத்துடன் நிற்கவில்லை. அங்கே 56 வயதில் கட்டாய ஓய்வு. 1980-களில் மொத்தமாகச் சேர்ந்தவர்கள் 2000-த்துக்குப் பிறகு மொத்தமாக ஓய்வு பெறத் தொடங்க, மீண்டும் பற்றாக்குறை. இதற்கிடையில் 1987-லேயே கட்டுப்பாட்டாளர்கள் இன்னொரு சங்கம் அமைத்து அங்கீகாரமும் பெற்றுவிட்டார்கள். சங்கத்தை ஒழிக்கலாம், சங்கத்துக்கான தேவையை ஒழிக்க முடியவில்லை.

இந்தியாவுக்கு இதில் பாடம் உண்டு. கட்டுப்பாட்டாளரின் குறை அவருடைய சட்டைப் பையோடு முடிவதில்லை. 1996 நவம்பர் 12-ல் சர்க்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். அனுமதித்த உயரத்தைவிடக் கீழே இறங்கியது கஜகஸ்தான் விமானம். தவறு கட்டுப்பாட்டாளருடையதல்ல. ஆனால் விமானத்தின் உயரத்தைக் காட்டாத பழைய ரேடாரை நம்பித்தான் அவர் அன்று வேலை பார்த்தார்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும் சோர்வையும் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு நவம்பரில் தில்லியில் தகவல் பரிமாற்றக் கணினி படுத்துவிட, விமானப் பயணத் திட்டங்களைக் கட்டுப்பாட்டாளர்கள் கையால் தயாரிக்க வேண்டிவந்தது. 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. கருவிகளின் குறைபாடு பற்றிக் கில்டு சில மாதங்கள் முன்பே எச்சரித்திருந்ததாகப் பிறகு செய்தி வந்தது. எச்சரிக்கை விடுக்கலாம், அதற்குப் பதில் பெறும் உரிமைதான் இல்லை.

வானம் ஸ்தம்பிக்கக் கூடாது என்று அரசு நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் வேலைநிறுத்த உரிமைக்கு ஈடாக வேறொன்றைத் தர வேண்டும். அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1966 முதல் கூட்டு ஆலோசனை அமைப்பு இருக்கிறது. சம்பளம், வேலை நேரம், விடுப்பு பற்றி அங்கே உடன்பாடு ஏற்படாவிட்டால் விவகாரம் நடுவரிடம் போகும். அப்படி ஒரு மேஜையைக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் போடலாம். அதற்காகும் செலவு சொற்பம். பேட்கோ விஷயத்தில் அமெரிக்கா கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் செலவே இல்லை.