"தவறுதலாக" என்ற சொல்லும் நம் பொறுப்பும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையை அடுத்த ஊரில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாத்தா வீட்டில் இருந்தான். பசுமலைப்பட்டியில் உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். அங்கிருந்து பறந்து வந்த குண்டொன்று அச்சிறுவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் பயனின்றி, 2022 ஜனவரி 3ஆம் நாள் அவன் மரணமடைந்தான். தளம் மூடப்பட்டது. அரசு 10 இலட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் நிகழ்ந்த இத்துயரத்தை நம்மில் பலர் இரண்டு நாள் பேசினோம், பிறகு மறந்துபோனோம்.

அச்சிறுவனைச் சுட வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை என்பதில் ஐயமில்லை. "தவறுதலாக" என்றே நாம் அனைவரும் சொன்னோம். அச்சொல்லைச் சொன்னவுடன் பொறுப்பு முடிந்துவிட்டதாக எண்ணும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மார்க்கம் அவ்வாறு முடித்துவிடவில்லை.

தவறுதலாக நிகழும் கொலையைக் குறித்து அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் தனியாகவே பேசுகிறான். கொல்லப்பட்டவரின் குடும்பத்தினருக்கு, அவர்களாக மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி, இழப்பீடு செலுத்தப்பட வேண்டும். அதனுடன் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதங்கள் இடைவிடாது நோன்பு நோற்க வேண்டும். இறந்தவர் நம்முடன் உடன்படிக்கை செய்து வாழும் சமூகத்தைச் சேர்ந்தவராயினும் சட்டம் இதுவே. பல சமயத்தாரும் சுவரோடு சுவராக வாழும் நம் ஊர்களில் இப்பகுதியை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணமே இல்லாதவருக்கு எதற்காக அறுபது நாள் நோன்பு? மக்தபில் மாணவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஹனஃபி சட்ட அறிஞர்கள் தரும் விளக்கம் நமக்குப் போதுமானது. கொலை செய்த பாவம் அவர் மீது இல்லை. ஆனால் எச்சரிக்கையைக் கைவிட்ட பாவம் இருக்கிறது. பரிகாரம் அதற்கானதே.

இழப்பீட்டைச் செலுத்துவது யார் என்பதிலும் ஆழ்ந்த படிப்பினை உண்டு. தவறுதலான கொலையில் அச்சுமை கொன்றவரின் தலையில் மட்டும் விழுவதில்லை. "ஆகிலா" எனப்படும் அவருடைய தந்தைவழி உறவினர் கூட்டம் மூன்று ஆண்டுகளில் பங்கிட்டுச் செலுத்த வேண்டும். ஒருவன் கவனமின்றி நடந்தால் அவனுடைய பெரியப்பாவும் சித்தப்பா மகனும் பணம் கட்ட வேண்டும். இப்படியொரு சட்டம் நடைமுறையில் இருந்தால், "தம்பி, அதைக் கீழே வை" என்று சொல்லாமல் எந்தப் பெரியப்பா சும்மா இருப்பார்?

உஹதுப் போர்க்களக் குழப்பத்தில் ஹுதைஃபா (ரலி) அவர்களின் தந்தை யமான் (ரலி) அவர்கள் முஸ்லிம்களின் வாள்களாலேயே கொல்லப்பட்டார்கள். "என் தந்தை, என் தந்தை" என்று மகன் கூவியும் அக்குரல் உரியவர்களின் செவியில் ஏறவில்லை. ஹுதைஃபா (ரலி) அவர்கள் வெட்டியவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்டார்கள். தமக்குரிய இழப்பீட்டையும் விட்டுக்கொடுத்தார்கள். இந்நிகழ்ச்சியை மன்னிப்பின் சிறப்பைக் கூறவே நாம் பயன்படுத்துகிறோம். ஸஹாபாக்களின் கைகளிலும் ஆயுதம் தவறியிருக்கிறது என்ற செய்தியும் இதில் அடங்கியிருக்கிறது. அவர்களுக்கே நேர்ந்தது நம் பிள்ளைகளுக்கு நேராது என்று எந்தத் துணிவில் இருக்கிறோம்?

நபி (ஸல்) அவர்கள் தவறு நிகழ்ந்த பின் செய்ய வேண்டியதை மட்டும் கற்பிக்கவில்லை. தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது, ஷைத்தான் கையை இழுத்துவிடக் கூடும் என்று எச்சரித்தார்கள். உடன்பிறந்தவனை நோக்கி விளையாட்டாக நீட்டினாலும் மலக்குகளின் சாபம் உண்டு என்றார்கள். அம்புகளுடன் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ நடப்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். உறையிலிருந்து உருவிய நிலையில் வாளைக் கைமாற்றுவதைத் தடுத்தார்கள். விரல்களுக்கிடையே பொடிக்கல்லை வைத்துச் சுண்டி எறிவதைக்கூடத் தடுத்தார்கள். அது வேட்டைக்கும் உதவாது, பகைவனையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைக் கெடுக்கும் என்பது காரணம்.

இன்று துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் முதல் நாளில் சொல்லும் விதிகளை இவற்றுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருத வேண்டும். மனிதர் பக்கம் அதன் வாயைத் திருப்பக் கூடாது. சுடும் வரை விசையில் விரலை வைக்கக் கூடாது. இலக்கு எது, இலக்கிற்குப் பின்னால் இருப்பது எது என்று அறியாமல் சுடக் கூடாது. நார்த்தாமலைச் சிறுவன் இருந்த வீடு இலக்கிற்கு அப்பால் இருந்தது.

"நம் வீட்டில் துப்பாக்கி ஏது? அமெரிக்காக்காரன் கவலையை நமக்கு எதற்குச் சொல்கிறீர்கள்?" என்று சிலர் கேட்கக் கூடும். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் நம்மிடையே மிகச் சிலரே. அவர்கள் தோட்டாவை வெளியே எடுத்து, இரண்டையும் வெவ்வேறு இடங்களில் பூட்டி வைக்கட்டும். ஆனால் நம் பிள்ளைகள் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொடும் இடம் வேறு. சித்திரைப் பொருட்காட்சியிலும் கந்தூரிக் கடைகளிலும் பலூன் சுடும் பலகை இருக்கிறதல்லவா, அங்கேதான் தொடுகிறார்கள். பத்து வயதுப் பையன் ஏர்கன்னைத் தூக்க முடியாமல் தூக்குகிறான். பக்கத்தில் தங்கை நிற்கிறாள். பெயர் சொல்லி அழைத்தால் துப்பாக்கியுடன் திரும்பிப் பார்க்கிறான். தந்தை அந்நேரம் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். .177 அங்குலத்திற்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர்கன் வாங்க நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. ஈயக்குண்டு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பெருநாளன்று கிடைக்கும் காசில் பிள்ளைகள் வாங்கும் பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கியும் அவ்வாறே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் மக்தபுக்கு வரும் சிறுவன் ஒருவன் பெருநாள் மறுவாரம் கண்ணில் கட்டுடன் வந்தான். சுட்டவன் அவனுடைய மாமன் மகன். அல்லாஹ்வின் கிருபையால் பார்வை தப்பியது. "விளையாட்டுதானே உஸ்தாத், தவறுதலாகப் பட்டுவிட்டது" என்று தந்தை சொன்னபோது நாம் அவருக்கு மறுமொழி கூறவில்லை. கூறியிருக்க வேண்டும். இக்கட்டுரை ஒருவகையில் அன்று கூறாமல் விட்ட மறுமொழியே.

மதுரையைச் சுற்றிய சமவெளி அழகர்மலை, நத்தம் பக்கம் மலையடிவாரத்தைத் தொடும் இடங்களில் கடலைக் காட்டைக் காட்டுப்பன்றி அழிப்பது விவசாயிகளின் தீராத் துயரம். அது உண்மையான துயரம். அதற்காக நாட்டுத் துப்பாக்கியுடன் இரவில் புதருக்குள் நுழைவது, அசைவதைப் பன்றியென்று கருதிச் சுடுவது, அசைந்தது உடன் வந்த நண்பன் என்று விடிந்தபின் அறிவது! உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறை உண்டு. பெண்ணும் பிள்ளையும் இருக்கும் இளைஞர்கள் இத்தகைய அழைப்புக்குச் செல்லாமல் தடுக்க வேண்டியவர்கள் அந்தப் பெரியப்பாக்களே.

இனி, கற்பிக்கும் முறை. அமெரிக்காவில் துப்பாக்கியைக் கண்டால் தொடாமல் விலகிச் சென்று பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று சிறுவர்களுக்கு நீண்ட காலமாகக் கற்பிக்கிறார்கள். ஆய்வாளர்கள் சோதித்தபோது, பாடத்தை ஒப்பித்த குழந்தைகளிலேயே பலர் உண்மையான துப்பாக்கி கண்ணில் பட்டதும் எடுத்துக் கையாண்டனர். மதரஸாவில் பாடம் நடத்தும் நமக்கு இது வியப்பளிக்கவில்லை. உளுவின் ஃபர்ளுகளை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை ஹவ்ளின் ஓரத்தில் முழங்கை நனையாமல் எழுந்துவிடுவதை நாள்தோறும் பார்க்கிறோம். வாயால் கற்றது கைக்கு இறங்கப் பயிற்சி வேண்டும். அதனால் அக்குழந்தைகளுக்கும் செய்து காட்டி, செய்ய வைத்துப் பழக்கிய முறையே கூடுதல் பலன் தந்தது.

நம் மக்தபில் துப்பாக்கி இல்லை, கத்தரிக்கோல் இருக்கிறது. வியாழக்கிழமை பாடத்தின் இறுதியில், வாள் பற்றிய ஹதீஸைச் சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை மூடி, கூர்முனையைத் தன் கைக்குள் வைத்துப் பிடியை நீட்டிக் கொடுக்கச் செய்கிறோம். ஒருவர் தவறாமல் அனைவரும் செய்ய வேண்டும். பிறகு பொம்மைத் துப்பாக்கி ஒன்றை மேசையில் வைத்து, அறைக்குள் வரும் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். முதல் வாரம் ஏறத்தாழ அனைவரும் எடுத்து நண்பனைக் குறிபார்த்தனர். நாம் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நான்காம் வாரம் இருவர் மட்டுமே எடுத்தனர்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது பெரிதன்று. பெருநாளுக்கு முந்தைய ஜும்ஆ பயானில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கந்தூரித் திடலில் கடை போட இடம் தரும்போது, பலூன் கடைக்காரர் இருபுறமும் கயிறு கட்டி, சுடுபவரைத் தவிர எவரையும் உள்ளே விடக் கூடாது என்று ஒரு நிபந்தனை வையுங்கள். பெற்றோர் தம் பிள்ளையின் பின்னால் நின்று, துப்பாக்கியின் வாய் பலகையை விட்டுத் திரும்பாமல் கையால் பிடித்துக்கொள்ளட்டும். படம் பிறகு எடுக்கலாம்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று நம் மாணவன் ஒருவன் குர்பானிக் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்று, பக்கத்து வீட்டில் பிடியை நீட்டிக் கொடுத்ததாக அவ்வீட்டுப் பெரியவர் நம்மிடம் சொன்னார். பலூன் கடையில் அவன் எப்படி நிற்கிறான் என்பதை வரும் சித்திரையில் பார்க்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.