ஏட்டில் எழுதிய அருவியில் குளிக்க முடியுமா?

ஜூன் மாதம் பிறந்தால் தென்காசிப் பக்கத்தில் இரண்டு காரியங்கள் நடக்கும். குற்றாலத்தில் சாரல் தொடங்கும். பள்ளிக்கூடம் திறக்கும்.

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் பேரருவியில் குளிப்பார்கள். ஐந்தருவிக்குப் போவார்கள். அப்படி வந்தவர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, அருவியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "சரி, குளித்தாயிற்று, ஊருக்குப் போங்கள்" என்றால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

ஆனால், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைத் தயார் செய்வதில் பல நேரம் இதுதான் நடக்கிறது. "பிள்ளைகளிடம் பேசிக்கொண்டே இருக்காதீர்கள். அவர்களைச் செய்யவிட்டுக் கற்றுக்கொடுங்கள்." இது பயிற்சியில் சொல்லப்படும் பாடம். இந்தப் பாடத்தையே வருங்கால ஆசிரியர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். குறிப்பு எடுக்கிறார்கள். மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள்!

இது வேடிக்கை அல்லவா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

கடன் வாங்கிய கணக்கு

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். 42-ல் 17 போனால் மீதி என்ன?

"2-ல் 7 போகாது. பக்கத்தில் கடன் வாங்கு" என்றுதான் நம்மில் பலர் படித்தோம். 25 என்று விடையும் வந்தது. ஆனால் ஒரு சுட்டிப் பையன் எழுந்து, "கடன் வாங்கினோமே, எப்போ சார் திருப்பிக் கொடுப்போம்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

கொஞ்சம் ஈர்க்குச்சி கொண்டுவாருங்கள். பத்துப் பத்தாகக் கட்டுங்கள். 42 என்றால் 4 கட்டு, 2 உதிரிக் குச்சி. அதில் 17 குச்சியை எடுக்கவேண்டும். அதாவது, 1 கட்டும் 7 உதிரியும். நம்மிடம் உதிரி இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஒரு கட்டை அவிழ்த்துவிடலாம். இப்போது 3 கட்டு, 12 உதிரி. உதிரியில் 7 எடுத்தால் மீதி 5. கட்டில் 1 எடுத்தால் மீதி 2. ஆக, 25!

யாரிடமும் கடன் வாங்கவில்லை. நம் கட்டை நாமே அவிழ்த்தோம். அவ்வளவுதான்.

இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆசிரியர், பயிற்சிக் காலத்திலேயே தம் கையால் கட்டி, அவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், வகுப்பில் 30 பிள்ளைகள் சத்தம் போடும்போது, பழைய "கடன் வாங்கு"தான் வாயில் வரும். தமக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்களோ, அப்படித்தான் எவரும் கற்றுக்கொடுப்பார்கள்.

மணலில் பிறந்த முறை

கையால் செய்து படிப்பது நமக்குப் புதியது அல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படித்தார்கள். பெரிய பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான்.

1789-ம் ஆண்டில் சென்னை எழும்பூரில், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். மணலில் எழுதும் வழக்கத்தைப் பார்த்துத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். 1797-ல் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது.

பிறகு என்ன ஆயிற்று? நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்லும் வேலையாக அது தேய்ந்துவிட்டது. முறை கப்பல் ஏறியது. அதன் உயிர் கரையிலேயே நின்றுவிட்டது!

நம் நாட்டிலும் முறைகளுக்குப் பஞ்சம் இல்லை. 1937-ல் காந்தி அடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-ல் அது தமிழ்நாடு முழுவதும் பரவியது. 2022-ல் "எண்ணும் எழுத்தும்" வந்தது. எல்லாம் நல்ல நோக்கம் கொண்டவை. ஆனால் எந்த முறையும் ஆசிரியரின் கை வழியாகத்தான் பிள்ளையிடம் போய்ச் சேரும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது: பயிற்சி கொடுக்கும் பேராசிரியர், மாணவ ஆசிரியர்களின் கண் முன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்டவேண்டும். பாடம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. ஏன் வரவில்லை என்று எல்லோரும் உட்கார்ந்து பேசுவதே பெரிய பாடம்.

இரண்டாவது: ஒவ்வொரு மாணவ ஆசிரியரிடமும் வாசிக்கத் தெரியாத ஐந்து பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் வாசிக்கும்வரை அவர் விடக்கூடாது. அதுதான் உண்மையான தேர்வு.

மூன்றாவது: சிற்றூர்ப் பள்ளிகளில் பழக வேண்டும். அங்கே பல இடங்களில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது, மற்ற வகுப்புகளுக்கு என்ன வேலை கொடுப்பது? புத்தகம் படித்தால் மட்டும் இது வராது.

நான்காவது: பாட்டும் கதையும் சொல்லிப் பழக வேண்டும். குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., கம்பன் பாட்டை நிறுத்தி நிதானமாகச் சொன்னால், கேட்டவர்கள் சொக்கிப்போவார்கள். அவர் முதலில் தாம் ரசித்தார். பிறகு பிறரை ரசிக்க வைத்தார். குழந்தைக்குப் பாட்டுச் சொல்லும் ஆசிரியருக்கும் அதுதான் வழி.

இதெல்லாம் யாருக்காக?

தென்காசிச் சீமையில் எத்தனையோ தாய்மார்கள் நாள் முழுவதும் பீடி சுற்றுகிறார்கள். தகப்பனார் வயல் வேலைக்குப் போகிறார். பாடம் சொல்லிக்கொடுக்க வீட்டில் நேரம் இல்லை. தனி வகுப்புக்கு அனுப்பப் பணமும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர்தான் துணை. மூன்றாம் வகுப்புக்குள் வாசிக்க வராவிட்டால், அதற்குப் பிறகு எல்லாப் பாடமும் அந்தப் பிள்ளைக்கு மூடிய கதவுதான்.

ஆகவே பெற்றோர்களே, மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், "இன்று டீச்சர் என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்று நீ என்ன செய்தாய்?" என்றும் கேளுங்கள். ஆசிரியர் பயிற்சி நடத்துகிறவர்களும் தங்கள் மாணவர்களிடம் தினமும் இதே கேள்வியைக் கேட்கட்டும்!