இடத்துக்கு இழப்பீடு, கடைக்கு?

பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருநின்றவூர் செல்லும் சி.டி.எச். சாலையை அகலப்படுத்தும் பேச்சு எழும்போதெல்லாம், இடத்துக்காரருக்கு எவ்வளவு என்றே கேட்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பும் அதே அளவு ஆறுதல் தொகையும் அவருக்கு உண்டு. நியாயந்தான். (பத்திரத்தில் குறைத்து எழுதியவர்கள் கையைப் பிசைவது வேறு கதை.)

வாடகைக்குக் கடை நடத்தும் நமக்கு? மூன்றாண்டு அங்கே தொழில் செய்து, அதையே பிழைப்பாகக் கொண்ட வாடகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக அதே சட்டம் ஏற்கிறது. அப்புறப்படுத்தப்படும் சிறுவணிகருக்கு ஒருமுறை உதவி, குறைந்தது ரூ.25,000. புதுக்கடை அட்வான்சுக்கே அது காணாது. பழகிய வாடிக்கையும், தெருவில் நிற்கும் கடன் பாக்கியும் எந்தக் கணக்கில் வரும்? தொகையை உயர்த்தி அறிவிக்க அரசுக்குச் சட்டமே இடம் தருகிறது, உயர்த்துமாறு கோருகிறோம்.

வாடகை ரசீது வாங்காத வணிகர்கள் இம்மாதமே கேட்டு வாங்கி வையுங்கள்.