பத்து மணிக்கு முன்னால் நீ யார்?

இந்த இதழின் தலையங்கத்துக்கு விஷயம் இல்லாமல் போய்விடவில்லை. ஆனாலும் சில ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு சின்ன அவமானத்தைப் பற்றித்தான் இந்தமுறை எழுதுகிறேன். ஒரு ரயில் டிக்கெட், இரண்டு பவுண்டு, ஒரு கடிகாரம். அவ்வளவுதான் விஷயம். 'இதுக்கெல்லாம் ஒரு தலையங்கமா?' என்று கேட்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

மேற்படிப்புக்காக ஓராண்டு இங்கிலாந்தில் இருந்தேன். வட இங்கிலாந்தில் ஒரு நகரத்தில் படிப்பு. வாடகை கட்டுப்படியாகாததால் ரயிலில் அரைமணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஊரில் அறை. படிப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்பது மாணவர் விசாவின் விதி. எனக்குக் கிடைத்தது அலுவலகக் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. துடைப்பத்தைத் தொடக்கூடாது என்றுதான் எங்கப்பா என்னைப் படிக்க வைத்தார். படிப்பதற்காகவே கடல் தாண்டிப்போய் அதைத் தொட்டேன். அது இருக்கட்டும். அலுவலகம் திறக்கும் முன்னால் தரை காய்ந்திருக்க வேண்டும். ஆகவே வேலை ஆறரைக்கு. ரயில் ஐந்து ஐம்பதுக்கு.

அங்கே இளைஞர்களுக்கென்று ஒரு ரயில்கார்டு உண்டு. 16 முதல் 25 வயதுவரை யாரும் வாங்கலாம். அந்த வயதைத் தாண்டியவர்களும் முழுநேரம் படிக்கிறவர்களாக இருந்தால் வாங்கலாம். அன்றைக்கு ஓராண்டுக்கு 30 பவுண்டு. 2025 மார்ச்சில் அதை 35 ஆக்கினார்கள். கார்டு இருந்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 6 பவுண்டுச் சீட்டு 4 பவுண்டுக்குக் கிடைக்கும். வந்த முதல் வாரமே வாங்கிவிட்டேன். நம்மைப்போல எண்ணிச் செலவழிக்கிறவனுக்கு அது பெரிய விஷயம்.

ஒருநாள் மாலையே மறுநாளுக்கான சீட்டை நிலையத்து மெஷினில் எடுத்து வைத்துக்கொண்டேன். மெஷின் தள்ளுபடி கொடுத்தது. மறுநாள் விடியற்காலை வண்டியில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். சீட்டைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார்.

'இந்தக் கார்டு இப்போது செல்லாது.'

'தேதி இருக்கிறதே.'

'தேதி இருக்கிறது. மணி இன்னும் பத்து ஆகவில்லை.'

பெயர், முகவரி எழுதிக்கொண்டார். கத்தவில்லை, திட்டவில்லை. மரியாதையாகத்தான் எழுதிக்கொண்டார். சுற்றியிருந்த நாலைந்து பேர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கட்டணப் பாக்கி, அதோடு பல மடங்கு செலவுத்தொகை. கட்டாவிட்டால் நீதிமன்றம். நான் வாதாடவில்லை. குற்றவழக்கு என்று ஒன்று பதிவானால் விசா என்னவாகுமோ என்ற பயம். இரண்டு வாரச் சாப்பாட்டுக் காசைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அந்த விதியைப் பார்ப்போம். திங்கள் முதல் வெள்ளிவரை, காலை 4.30 மணியிலிருந்து 10 மணிவரை இந்தக் கார்டுக்கு 12 பவுண்டு 'குறைந்தபட்சக் கட்டணம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு 90 பவுண்டுச் சீட்டு எடுத்து லண்டனுக்குப் போகிறவருக்கு 30 பவுண்டு தள்ளுபடி முழுதாகக் கிடைக்கும். 18 பவுண்டுச் சீட்டு என்றால் சரியாக 12. அவருக்கும் முழுத் தள்ளுபடி. 15 பவுண்டுச் சீட்டு என்றால் 10 ஆகவேண்டியது 12ஆக நின்றுவிடும். 6 பவுண்டுச் சீட்டு எடுக்கிறவனுக்கு? ஒரு பென்னிகூடக் குறையாது. அதே வண்டி, அதே மணி, அதே கார்டு. தொலைதூரம் போகிறவருக்குக் கார்டு செல்லும். தினமும் பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போகிறவனுக்குச் செல்லாது.

'காலையில் கூட்டம் அதிகம், அதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு' என்று பதில் சொல்வார்கள். கூட்டம்தான் காரணம் என்றால் 90 பவுண்டுக்காரரும் அந்த நேரத்தில் ஓர் இருக்கையில்தானே உட்காருகிறார்? அவருக்கு ஏன் தள்ளுபடி? காரணம் வேறு. அவர் நினைத்தால் காரில் போவார், நினைத்தால் மத்தியானம் போவார். அவரைப் பிடித்துவைக்கத் தள்ளுபடி தேவை. ஆறரை மணிக்குத் துடைப்பத்தோடு நிற்க வேண்டியவனுக்குப் போக்கிடம் கிடையாது. அவன் எப்படியும் ஏறுவான், எப்படியும் முழுக்காசு தருவான். தேவை யாருக்கு அதிகமோ அவனிடம் தள்ளுபடி போய்ச்சேராதபடி பார்த்துக்கொள்வதுதான் இந்த விதியின் சூட்சுமம்.

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் இந்தத் தடை கிடையாது. அரசு விடுமுறை நாட்களிலும் கிடையாது. அதாவது கல்லூரி மூடிக் கிடக்கும்போது மாணவன் எந்நேரமும் தள்ளுபடியில் சுற்றலாம். கல்லூரி திறந்ததும் காலை ஒன்பது மணி வகுப்புக்கு முழுக் கட்டணம் கொடுத்து வரவேண்டும். ஊர்சுற்றும் இளமைதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. உழைக்கிற இளமை தெரிவதில்லை.

கூலியில் மட்டும் அந்த இளமை நன்றாகத் தெரிகிறது. 2024 ஏப்ரலில் அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி, 21 வயதானவருக்கு மணிக்கு 11 பவுண்டு 44 பென்ஸ். 18 முதல் 20 வயதுக்கு 8 பவுண்டு 60. தொழில் பழகுநருக்கு வெறும் 6 பவுண்டு 40. ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்தாலும் 'நீ சின்னப்பெண்' என்று கூலியைக் குறைக்கிறது சட்டம். அதே பெண் விடியற்காலையில் ரயில் ஏறினால் 'நீ பெரியவள், முழுக் கட்டணம் எடு' என்கிறது விதி. இரண்டு கணக்கிலும் நஷ்டம் அவளுக்குத்தான்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான கார்டுக்கு நேரத்தடை இல்லை. 16, 17 வயதினருக்கென்று 2019இல் கொண்டுவந்த கார்டில் பாதிக் கட்டணம். அதற்கும் நேரத்தடை இல்லை, சீசன் டிக்கெட்டுக்கும் செல்லும். அதனால் ரயில் ஓடுவது நின்றுவிடவில்லை. பதினெட்டு வயது ஆனதும்தான் கடிகாரத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

2024இல் ஒரு செய்தி படித்தேன். அப்போதுதான் படிப்பை முடித்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர், பிராட்பாட்டம் என்ற ஊரிலிருந்து மான்செஸ்டருக்கு இதே கார்டைக் காட்டிச் சீட்டு எடுத்திருக்கிறார். அந்தச் சீட்டின் பெயரே 'எனிடைம்' — எந்த நேரமும் செல்லும் என்று அர்த்தம். ஆனால் கார்டு எந்த நேரமும் செல்லாது. வித்தியாசம் 1 பவுண்டு 90 பென்ஸ். அதற்காக வழக்குப் போடுவோம் என்று கடிதம் போயிருக்கிறது. அவர் சும்மா இருக்கவில்லை. ஊரைக் கூட்டிச் சொன்னார். பத்திரிகைகள் எழுதின. வழக்கு கைவிடப்பட்டது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஜூனில் வந்த அந்த அறிக்கை, கட்டண விதிகள் குழப்பமாக இருப்பதையும், ஒரே தவறுக்கு ஆளுக்கொரு விதமாக நடவடிக்கை எடுக்கப்படுவதையும் ஒப்புக்கொண்டது.

அதே 2024 ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. ரயில் கம்பெனிகள் 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் போட்ட வழக்குகளை, விசாரணை மன்றமே கூடாமல் காகிதத்தைப் பார்த்தே ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்லும் குறுக்குவழியில் நடத்தியிருந்தார்கள். அந்த வழிக்குச் சட்டத்தில் இடமே இல்லை. தீர்ப்புகள் செல்லாது என்று தலைமை நீதித்துறை நடுவர் அறிவித்தார். பாதிக்கப்பட்ட வழக்குகள் ஏறக்குறைய 74,000 என்று கணக்கு. எழுபத்து நாலாயிரம்! டிக்கெட் இல்லை என்று இவர்களைத் தண்டித்தவர்களிடம், தண்டிக்க அதிகாரம் இல்லை.

அந்த இளைஞரின் செய்தியைப் படித்தபோது சந்தோஷம் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அவர் பேசினார், நான் ஏன் பேசவில்லை? விசா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அது முழு உண்மை இல்லை. யாராவது சீருடையில் வந்து 'உனக்கு இங்கே இப்போது அனுமதி இல்லை' என்று சொன்னால், தப்பு நம்முடையதாகத்தான் இருக்கும் என்று உடம்பு முதலில் நம்பிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை நான் இங்கிலாந்தில் கற்றுக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து கொண்டுபோனேன்.

பேஷ்வாக்கள் ஆட்சியில், காலை 9 மணிக்கு முன்பும் பிற்பகல் 3 மணிக்குப் பிறகும் மகர், மாங் மக்கள் பூனா நகர வாசலுக்குள் வரக்கூடாது என்று தடை இருந்ததாக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. காலையிலும் மாலையிலும் நிழல் நீளும். நீண்ட நிழல் பார்ப்பனர்மேல் விழுந்துவிடும். அதற்காகச் சூரியனையே காவலுக்கு வைத்தார்கள். ரயில்கார்டும் தீண்டாமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நம் முன்னோர் பட்டதை மலிவாக்குவதாகும். தடையை நேரத்தில் ஒளித்துவைக்க முடியும் என்பதைத்தான் சொல்கிறேன். 'நீ வராதே' என்றால் கோபம் வரும். 'இப்போது வராதே' என்றால் நாமே ஒதுங்கி நின்றுவிடுவோம்.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் லண்டனுக்குப் படிக்கப் போனார். பரோடா சமஸ்தானம் கொடுத்த உதவித்தொகையின் காலக்கெடு முடிந்துவிட்டதால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. மறுபடி லண்டன் போக 1920 ஆயிற்று. 1923இல்தான் அங்கே முனைவர் பட்டத்தை முடித்தார். அவர் அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. உதவியில் கட்டியிருந்த கடிகாரம் மூன்று ஆண்டைத் தின்றது.

இனி நம் வீட்டுக் கதை. இந்திய ரயில்வேயில், விடுமுறைக்கு ஊர்போகும் மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் சாதாரணப் படுக்கை வகுப்பிலும் 50 சதவீதச் சலுகை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம். 2020 மார்ச்சில் முதியோர் சலுகை உட்படப் பலவற்றை நிறுத்தியபோதும் மாணவர் சலுகையை நிறுத்தவில்லை. நம் விடுதி மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தாலும் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். 'பிரின்சிபால் மீட்டிங்ல இருக்கார், நாளைக்கு வா' என்பார் அலுவலக எழுத்தர். நாளை விடுதியைப் பூட்டிவிடுவார்கள். சலுகை காகிதத்தில் இருக்கும். பையன் அன்ரிசர்வ்டு பெட்டியில் முழு டிக்கெட்டோடு நின்றுகொண்டு போவான். 'குறைந்தபட்சக் கட்டணம்' என்ற தந்திரமும் இங்கே உண்டு. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி 10 ரூபாயை 30 ஆக்கினார்கள். பழைய கட்டணம் 2024 பிப்ரவரியில்தான் திரும்பியது.

ஆகவே தோழர்களே, எந்தச் சலுகை அறிவிப்பு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நேரத்தில் செல்லாது? யார் கையெழுத்துக்கு நிற்க வேண்டும்? தவறினால் என்ன தண்டனை? எத்தனை சதவீதம் என்பது விளம்பரம். இந்த மூன்றுக்கும் வருகிற பதில்தான் சட்டம்.

வெளிநாடு போகும் மாணவர்களே, கடிதம் வந்தால் என்னைப்போலப் பயந்து காசைக் கட்டிவிட்டு மறைக்காதீர்கள். மாணவர் சங்கத்திடம் போங்கள், சட்ட உதவி கேளுங்கள், நாலு பேரிடம் சொல்லுங்கள். இங்கே இருப்பவர்கள், வரும் விடுமுறைக்கு முன்னால் உங்கள் கல்லூரியில் சலுகைப் படிவம் கேளுங்கள். ஒருவராகப் போகாதீர்கள், விடுதியே சேர்ந்து போங்கள். மறுத்தால் தேதியோடு, மறுத்த காரணத்தோடு எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். வருகிற கடிதங்களை அடுத்த இதழில் வெளியிட்டு, நகலை ரயில்வே கோட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோவோம்.

நான் கட்டிய காசு திரும்பி வராது. வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இந்தத் தலையங்கம் ஒரு சிறிய ஈடு.

ஜெய்பீம்!

— ஆசிரியர்